துவக்க வரிசை

"துவக்கக்கூடிய சாதனம் எதுவும் இல்லை"
என்கிறது கறுப்புத் திரை, ஒன்பதாவது முறையாக.
எனக்குக் கோபம் வரவில்லை.
பாலிகிளினிக் கவுண்டரில் நானும்
இதே குரலில்தான் சொல்கிறேன், நாள் முழுக்க:
உங்க பேரு லிஸ்ட்ல இல்ல ஆன்ட்டி,
அந்தப் பக்கம் போய் நம்பர் எடுத்துட்டு வாங்க.

மடிக்கணினி மகனுடையது.
ஞாயிறு மாலை முகாமுக்குக் கிளம்பும் அவசரத்தில்
"செத்துப்போச்சும்மா, விடு" என்று
சலவைக் கூடையோரம் வைத்துவிட்டுப் போனான்.
நன்மாறன் என்று பெயர்.
சார்ஜண்டுக்கு முதல் எழுத்துகளுக்கு மேல் வாய் வளையாததால்
இப்போது தீவு முழுக்க அவனை அழைப்பது
'நான்'.

முதல் தப்பு என்னுடையது.
ஹுய் மின் தந்த பென்டிரைவ்
(ஆண்டு விருந்துக் குலுக்கலில் விழுந்ததாம்,
ஏர் ஃப்ரையர் கிடைக்காத வருத்தம் அவளுக்கு)
அதற்குள் நிறுவல் கோப்பை
அப்படியே இழுத்துப் போட்டுவிட்டேன்.
அரிசிப் பையைப் பிரிக்காமல் குக்கரில் வைத்து
விசிலுக்குக் காத்திருந்தவள் நான்.
நகலெடுக்கக் கூடாதாம், எழுத வேண்டுமாம்.
தங்கை வீட்டுக்குத் திரும்பப் போய்
எழுதிக்கொண்டு வந்தேன், நாற்பது நிமிடம்.

அப்புறமும் அதே வாக்கியம்.

மூடும் லிப்ட் கதவைப் பிடிக்கக் குத்துவதுபோல்
எஃப் 12ஐக் குத்திக் குத்தி
நீலத் திரைக்குள் நுழைந்துவிட்டேன்.
அங்கே தேதி: ஜனவரி 1, 2011.
உள்ளே ஒரு காசளவு பேட்டரி தீர்ந்திருக்கும்.
அந்த வருஷம் இவனுக்கு ஐந்து வயது,
வீட்டில் மூன்று பேர்.
திருத்தினேன்.
வருஷத்தை ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற முடிகிறது.

'பாதுகாப்பான துவக்கம்' என்று ஒரு காவல் வேறு.
முத்திரை குத்தாத எதையும் உள்ளே விடாது.
சன்னலுக்கு வெளியே காஸ்வே;
பாலத்தின் மேல் சிவப்பு விளக்குகள்
ஊர்ந்தும் ஊராமலும்.
குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பதரைக்குக் கைப்பேசி கிடைக்கும் அவனுக்கு.

செக்யூர் பூட் ஆஃப் பண்ணு.
பண்ணிட்டேன். சாப்டியா?
போர்ட் மாத்து. வலது பக்கம் வேணாம், இடது.
கால் வலி எப்படி இருக்கு?
ம்மா. இடது.
மாத்திட்டேன்.
ஆர்டர் பாரு. யார் ஃபர்ஸ்ட்?

பார்த்தேன்.
முதலில், உள்ளிருக்கும் வட்டு. உயிர் இருக்கிறது, நினைவு இல்லை.
இரண்டாவது, நெட்வொர்க். எவருடையதோ.
மூன்றாவது, டிவிடி. இந்தக் கணினியில்
டிவிடி போட இடமே கிடையாது.
கடைசியில், செருகியபடி, மினுக்கியபடி
குச்சி.

இப்படி ஒரு பட்டியலை முன்பும் பார்த்திருக்கிறேன்.
முகாமுக்கு எழுதிக் கொடுத்த படிவம்.
அவசரத் தொடர்பு, ஒன்று: அப்பா, பெர்த்,
இரண்டு வருஷமாக அடிக்காத எண்.
இரண்டு: நான்.
அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.
பேனா அவன் கையில் இருந்தது.

இங்கே கூட்டல் விசை இருக்கிறது.
ஒரு தட்டு, டிவிடிக்கு மேலே.
ஒரு தட்டு, நெட்வொர்க்குக்கு மேலே.
இன்னும் ஒன்று.
சேமிக்கவா என்றது. ஆம்.

பத்தேகாலுக்குத் திரையில் ஏதோ வெளுத்தது.
அவனுக்குச் சொல்ல எடுத்தேன்;
ஒற்றை டிக்கோடு நின்றது செய்தி.
விளக்கணைத்திருப்பார்கள்.

மொழி கேட்டது. நேரம் கேட்டது.
பயனர் பெயர் கேட்டது.
கொஞ்சம் யோசித்துவிட்டு, 'நான்'.

பன்னிரண்டு மணிக்கு மேல்
கீழ்வீட்டில் யாரோ மஹ்ஜோங் கட்டைகளைக் கலைக்கும்போது
கடைசி வரி வந்தது:
நிறுவல் முடிந்தது,
குச்சியை இப்போது எடுத்துவிட்டு
என்டர் தட்டவும்.

எடுத்தேன்.
நல்ல சூடு.
என்டரைத் தட்டாமல்
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.